காய்ச்சாத தண்ணீர்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஜானகி சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டாக்டர்கள் வார்டைச் சுற்றி வரும் நேரத்தில். சொன்ன விதத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நீட்டிய காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள், ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நர்ஸுக்குத்தான் கோபம் வந்தது. அது ஆஸ்பத்திரிக் காகிதம், திருப்பித் தரவேண்டும் என்றாள். காலை வெட்டினால் அதைத் திருப்பித் தருவீர்களா என்று ஜானகி கேட்டாள்.

கால் அவள் புருஷன் தணிகாசலத்தினுடையது. வலது கால். பதினெட்டு நாளைக்கு முன்னால் தி. நகரில், ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில், தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் சாக்கடை அடைப்பை எடுத்தாகவேண்டும் என்று காண்ட்ராக்டர் அவசரப்படுத்த, மழை முழுதாக விடுமுன்னே அவன் மேன்ஹோலில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீருக்கு அடியில் கிடந்த கம்பி ஒன்று உள்ளங்காலில் ஏறி மேல்பக்கம் வந்துவிட்டது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி அவனை ஆட்டோவில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் போட்டு, வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதி வைத்துவிட்டுப் போனான். வீட்டில் வழுக்கி விழுந்தவன் காலில் கம்பி எப்படி ஏறும் என்று யாரும் கேட்கவில்லை. சாக்கடைக்காரன் விஷயத்தில் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை.

புண்ணில் பச்சையாகச் சீழ் கட்டியது. ஊசி போட்டார்கள். ஊசியை மாற்றினார்கள். கடைசியில் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒரு சீட்டு வந்தது. பதினோரு மருந்தின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே எழுத்தும் இருந்தன. ஆர். எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி சாகாது என்று அர்த்தம். சிவப்பு பாதத்தைத் தாண்டிக் கணுக்காலுக்கு ஏறியிருந்தது.

சர்ஜன் மெஹபூப் பாஷா நல்ல மனுஷர். கத்திப் பேசாதவர். அவர் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, தணிகாசலத்தின் கெண்டைக்காலுக்குக் கீழே சுற்றிவர ஒரு கோடு போட்டார்.

"சிவப்பு இந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கற வரைக்கும் உன் பேச்சு கேக்கறேன்மா. தாண்டிச்சுன்னா விஷம் ரத்தத்துல ஏறிடும். அப்ப காலா உசுரான்னு உன்கிட்ட கேட்டுட்டு நிக்க மாட்டேன்."

"மருந்து வேல செய்யலன்னா மருந்த மாத்துங்க டாக்டர் சார். காலு இன்னா தப்பு பண்ணுச்சு?" என்றாள் ஜானகி.

அவர் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் அப்போது நாலு விரல் இடைவெளி இருந்தது. ஜானகி தன் விரலை வைத்தே அளந்துகொண்டாள்.

அங்கிருந்து நேராக மயிலாப்பூருக்கு வேலைக்குப் போனாள். புருஷன் படுத்துவிட்டான் என்பதற்காக மாதவப் பெருமாள் கோயில் பக்கத்து வீட்டில் பாத்திரம் தேங்குவது நிற்குமா என்ன. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் வேலை. இரண்டே பேர். அபயாம்பாள் என்கிற அம்மாள், ஜானகி தேய்த்து வைத்த பாத்திரத்தின்மேல் இன்னொரு செம்புத் தண்ணீரைக் கொட்டாமல் உள்ளே எடுக்க மாட்டாள். அவள் மகள் ஹம்சா, நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், கிண்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஜானகி கைகளைத் துடைத்துக்கொண்டு பரிசோதனைச் சீட்டை அவளிடம் நீட்டினாள்.

"எல்லாத்துக்கும் ஆர்னு போட்டிருக்கே ஜானகி" என்றாள் ஹம்சா. "ஒண்ணும் கேக்கலைன்னு அர்த்தம்."

"அத்த டாக்டரே சொல்ட்டாரும்மா. நீங்க ஆபீஸ்ல கிருமிதான வளக்கறீங்க? அத்த கொல்றதுக்கு அங்க ஒண்ணியும் இல்லியா?"

ஹம்சா உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவள் செய்கிற வேலை அப்படி. ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கிருமியைக் கண்ணாடித் தட்டில் பூசுவாள். அதன்மேல் இருபது விதமான ஃபேஜ்களைச் சொட்டுச் சொட்டாக வைப்பாள். ஃபேஜ் என்பது கிருமியைத் தின்கிற வைரஸ். மறுநாள் எந்தெந்தச் சொட்டு விழுந்த இடத்தில் கிருமி செத்து வட்டம் விழுந்திருக்கிறதோ, அந்த எண்களை வரிசையாக எழுதினால் அதுதான் அந்தக் கிருமியின் அடையாளம். எழுதி அனுப்பிவிட்டுத் தட்டை அவித்துக் கழுவி வைத்துவிடுவாள். பதினேழு வருஷமாகக் கிருமி சாவதைத் தினம் கண்ணால் பார்க்கிறாள். இதை ஒரு மனுஷனின் புண்ணில் வைத்தால் என்ன என்று அவளிடம் கேட்டவர் யாரும் இல்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதை ஜானகிக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அந்த வைரஸ் மனுஷாளை ஒன்றும் பண்ணாது, கிருமிக்குள் பூந்து நூறு குட்டி போட்டு, கிருமியை வெடிக்க வைத்துவிட்டு வெளியே வரும். ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கென்று ஒன்று வேண்டும், தன்னிடம் இருக்கிற இருபதில் ஒன்று பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம்.

"புடிக்கலன்னா?"

"புதுசாத் தேடணும். கிருமி எங்க ஜாஸ்தியோ அங்கதான் அதுவும் இருக்கும். சாக்கடைல."

ஜானகி சிரித்தாள். பதினெட்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. "இத்தச் சொல்றதுக்கா அவ்ளோ படிச்சீங்க? அது எங்க வூட்டு வாசல்லதாம்மா ஓடிக்கினு கீது."

உண்மைதான். அவள் குடிசை மந்தைவெளிக்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தது. பறக்கும் ரயிலுக்கென்று கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு வைத்திருந்தார்கள். தூணுக்கு இந்தப் பக்கம் இருக்கிற குடிசைகளை எல்லாம் எடுத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடப் போகிறார்கள் என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. அங்கே பஸ் கிடையாது, வேலை கிடையாது, நாலு கிலோமீட்டர் நடந்தால்தான் ரோடு. இரண்டு காலும் உள்ளவனுக்கே அங்கே பிழைப்பு இல்லை என்பது ஜானகிக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காகிதம் இடுப்பிலேயே இருந்தது.

புதன்கிழமை ஹம்சா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மெஹபூப் பாஷாவைப் பார்த்தாள். சீழ் வாங்கி வந்தாள். தன்னிடமிருந்த இருபது ஃபேஜையும் சொட்டினாள். வியாழக்கிழமை பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி கொழுகொழுவென்று படர்ந்திருந்தது. ஒரு வட்டம்கூட இல்லை. சரி, கால்வாய்த் தண்ணீர் கொண்டுவா என்றாள். ஜானகி அன்று சாயங்காலமே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். சனிக்கிழமை காலை அந்தத் தட்டிலும் வட்டம் இல்லை. இரண்டு நாள் போனது. சிவப்புக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் மிச்சம்.

கால்வாய்த் தண்ணீரில் ஒரு ஃபேஜ்கூட இல்லாமல் இருக்க வழியே இல்லை என்று ஹம்சாவுக்குத் தோன்றியது. தட்டில் வேறு சாதாரணக் கிருமிகளையும் வைத்துப் பார்த்திருந்தாள், அவற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொல்லைப்புறம் வந்து ஜானகியிடம் தண்ணீரை எப்படி எடுத்தாள், எதில் எடுத்தாள், எத்தனை நேரம் வைத்திருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஜானகி பெருமையாகத்தான் சொன்னாள்.

"சும்மா எப்டிம்மா உங்க கையில குடுக்கறது? புடவைத் துணியில வடிகட்டி, ரெண்டு கொதி வுட்டு, ஆற வெச்சு எடுத்தாந்தேன்."

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. நாலு வருஷத்துக்கு முன் வாந்திபேதி வந்தபோது அவள் வரிசையில் மட்டும் மூன்று உயிர் போனது. கார்ப்பரேஷன் வண்டி மைக் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று கத்தியது. அன்றிலிருந்து வீட்டில் அரிசி இல்லாத நாள்கூட உண்டு, தண்ணீர் காய்ச்சாத நாள் இல்லை. அதிலும், பாத்திரத்தையே இரண்டு தரம் கழுவுகிற வீட்டுக்கு அந்தக் கறுப்புத் தண்ணீரை அப்படியே கொண்டுபோக அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அந்தக் கூச்சத்தில் இரண்டு நாளையும் இரண்டு விரலையும் அடுப்பில் வைத்து எரித்துவிட்டாள்.

ஹம்சா திட்டவில்லை. துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "என் தப்புதான். காய்ச்சாதேன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றாள். காய்ச்சினால் ஃபேஜும் சேர்ந்து செத்துவிடும் என்று அவள் சொல்லச் சொல்ல ஜானகிக்கு முகம் மாறியது. அழுதாள். ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, சாயங்காலம் நீங்களே ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா, சாக்கடையைப் பற்றிக் கேட்க வேண்டியது என்னை இல்லை, அவரை என்றாள்.

அது சரியான பேச்சு. பன்னிரண்டு வருஷமாக இந்த ஊருக்கு அடியில் போய் வருகிறவன் தணிகாசலம். உடம்பு முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு, மூங்கில் பிளாச்சைத் தள்ளித் தள்ளி எந்த லைன் எங்கே வளைகிறது என்று கையாலேயே தெரிந்து வைத்திருந்தான். என்ஜினீயர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அவனைத்தான் கேட்பார்கள். அன்று காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தான். மகள் மணிமொழி கொடுத்தனுப்பிய கஞ்சியையும் சுட்ட நெத்திலியையும் இரண்டு வாய்க்கு மேல் அவனால் தின்ன முடியவில்லை. தண்ணீரைக் காய்ச்சிய கதையைக் கேட்டதும் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இன்னாமே, சாக்கடைக்கே சோப்பு போட்டுக் குளிப்பாட்டிட்டியா?"

பிறகு ஹம்சாவிடம் திரும்பினான். எந்த மாதிரிக் கிருமிக்கு வேண்டும் என்று கேட்டான். ஆஸ்பத்திரியிலேயே மருந்து தின்று தின்று முரடாகிப் போன கிருமி இது என்றாள் அவள்.

"அப்போ கால்வாய்த் தண்ணி வேலைக்கு ஆவாதும்மா. இதே ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, வேப்ப மரத்தாண்ட ஒரு மூடி கீது. எல்லா வார்டு லைனும் அதுலதான் வந்து சேருது. ரெண்டு தபா எறங்கிக்கீறேன், எனக்குத் தெரியும். மேலால மொள்ளக் கூடாது, மழத்தண்ணி கலந்துக்கினு இருக்கும். அடியில சகதிக்கு ஒரு முழம் மேல வுட்டு எடுக்கணும்."

ஹம்சா அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அவன் தன் காலில் இருந்த கோட்டைப் பார்த்தான். அப்புறம் ஜானகியைப் பார்த்து, சர்தாரைக் கூப்பிடு என்றான்.

சர்தார் அவனோடு வேலை செய்கிறவன். கயிறு பிடிக்கிறவன் சர்தார் என்றால்தான் தணிகாசலம் குழியில் இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருக்கும்போது சர்தார் கடப்பாரையால் மூடியைப் பெயர்த்து, மூங்கில் நுனியில் பாட்டிலைக் கட்டி இறக்கினான். ஜானகி குடை பிடித்தாள். யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. அந்த வழியாக இரண்டு போலீஸ்காரர், ஒரு வார்டு பாய், நாலைந்து நோயாளிகளின் சொந்தக்காரர்கள் போனார்கள். ஒருவரும் என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் சாக்கடை மூடியைத் திறக்கிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

ஞாயிறு ஆராய்ச்சிக் கூடம் பூட்டியிருக்கும். மறுநாள் வரை பாட்டிலைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். மயிலாப்பூர் வீட்டுப் பின்வாசலில் ஹம்சா பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது அபயாம்பாள் வந்து நின்றாள்.

"என்னடி இது?"

"சாக்கடைத் தண்ணிம்மா. நாளைக்குக் காலம்பற வரைக்கும் நம்மாத்து ஃப்ரிட்ஜ்ல இருக்கணும்."

ஜானகி தலையைக் குனிந்துகொண்டாள். வேறு எங்காவது ஐஸ் கட்டி வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அபயாம்பாள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். பால், தயிர், மாவு, வெண்ணெய் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் வெறும் ஃப்ரிட்ஜைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"கொண்டா. பால் திரிஞ்சா திரியட்டும். இன்னிக்கு ஒரு நாள் காப்பி குடிக்காட்டா ஒண்ணும் குடிமுழுகிடாது."

அப்புறம் ஜானகியைப் பார்த்து, "காய்ச்சித் தொலைச்சுடாதே" என்றாள்.

திங்கள் காலை ஹம்சா அந்தத் தண்ணீரைத் தணிகாசலத்தின் கிருமியோடு கலந்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை வடிகட்டித் தட்டில் சொட்டினாள். புதன்கிழமை காலை தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, பசபசவென்று படர்ந்த கிருமிக்கு நடுவே தெளிவாக ஏழு வட்டம். ஆணியடித்துத் துளை போட்ட மாதிரி இருந்தது. பதினேழு வருஷத்தில் முதல் முறையாக அவள் அதற்கு எண் எழுதவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பிரிவுத் தலைவர் ராமானுஜம் முடியாது என்றார். அவர் கெட்டவர் இல்லை, ரிட்டயராக ஒன்றரை வருஷம் இருந்தது, அவ்வளவுதான். ஃபேஜ் வைத்திருப்பது கிருமியை அடையாளம் காண, வைத்தியம் பார்க்க யார் உத்தரவு கொடுத்தார்கள் என்று கேட்டார்.

"பதினேழு வருஷமா அதுக்குப் பேரு வெச்சிண்டிருக்கோம் சார். ஒரு தடவை கொன்னுதான் பாப்போமே" என்றாள் ஹம்சா.

எல்லாம் தன் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்தாள். ராமானுஜம் அனுமதி தரவில்லை. வெள்ளிக்கிழமை தலைவலி என்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். சிலருக்கு அனுமதி கொடுக்கிற விதமே அதுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சிவப்பு கோட்டைத் தொட்டுவிட்டது.

மெஹபூப் பாஷா தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லியிருந்தார். காகிதத்தைக் கொடு என்று ஜானகியிடம் கையை நீட்டினார். ஹம்சா இன்னும் வந்து சேரவில்லை. கிண்டியிலிருந்து பஸ், சைதாப்பேட்டையில் தண்ணீர் தேங்கி எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜானகி கட்டிலுக்கும் டாக்டருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தாண்டுனாதான சொன்னீங்க? தொட்டுக்கினுதான் கீது. தாண்டல. உங்க பேனாவுல நீங்களே போட்ட கோடு டாக்டர் சார், நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பன்னிரண்டு மணி வரைக்கும் என்றார். ஹம்சா பதினொன்றே முக்காலுக்கு, முழங்கால் வரை புடவை நனைந்து, மார்போடு ஒரு தெர்மாஸ் பிளாஸ்கை அணைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள், வட்டம் போட்ட ஃபேஜை இரண்டு நாளாகப் பெருக்கி வடித்து வைத்த சின்னக் குப்பி இருந்தது. டாக்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் நாட்டிலேயே ஒரு காலத்தில் காலராவுக்கு இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மருந்துகள் வந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றார். பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், இன்று ராத்திரி காய்ச்சல் ஏறினால் உடனே வெட்டிவிடுவேன், அதற்குச் சம்மதமா என்று கேட்டு ஒரு புதுக் காகிதத்தில் எழுதினார். இந்தக் காகிதத்தில் ஜானகி கையெழுத்துப் போட்டாள். தெளிவாக, முழுப் பெயரும் போட்டாள்.

புண்ணைக் கழுவி, குப்பியில் இருந்ததைத் துணியில் நனைத்து உள்ளே வரை வைத்துக் கட்டினார்கள். ஒரு நாளைக்கு மூன்று தரம். அவ்வளவுதானா என்று ஜானகி கேட்டாள். அவ்வளவுதான் என்றாள் ஹம்சா. 

சனிக்கிழமை சிவப்பு அதே இடத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் நின்றது. திங்கட்கிழமை காலை ஜானகி விரலை வைத்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் நுழைந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் தன் விரலையும் வைத்துப் பார்த்தாள். தீபாவளியன்று பச்சைச் சீழ் வடிவது அடியோடு நின்றுவிட்டது. டாக்டர் தன் வீட்டிலிருந்து கட்டிலுக்குக் கட்டில் அதிரசம் கொடுத்தார். கறுத்துப்போன இரண்டு கால்விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். மற்றபடி கால் முழுதாக வீட்டுக்கு வந்தது.

மார்கழி பிறந்த வாரம் மேஸ்திரி கால்வாய்க் கரைக்கு வந்தான். கையில் அரை கிலோ லட்டும் ஒரு காகிதமும். தணிகாசலம் குடிசை வாசலில் உட்கார்ந்து காலை வெயிலில் நீட்டியிருந்தான். மேஸ்திரி காலைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டான். கச்சேரி சீசனுக்குக் கார்கள் வருகிற தெருவெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவனைப் போல லைன் தெரிந்த ஆள் வேறு இல்லை என்று காண்ட்ராக்டரே சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றான். கையெழுத்து மட்டும் ஒன்று வேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்து அடிபட்டதாக. ஆபீஸில் ஃபைல் முடிக்கத்தான், வேறு ஒன்றும் இல்லை.

ஜானகி அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னாமா, கையெழுத்து?"

"ஆஸ்பத்திரிக் காயிதம் ஒண்ணு வெச்சிக்கீறேன். இதுவும் அதுகூடக் கெடக்கட்டும். நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க இல்ல, அப்போ காட்டணும்."

மேஸ்திரி தணிகாசலத்திடம் திரும்பினான். பொம்பளைப் பேச்சை விடு, கால்தான் நல்லாயிடுச்சே, மேலேயே நின்று கயிறு பிடித்தால் போதும், அப்புறம் மெதுவாக இறங்கலாம் என்றான்.

தணிகாசலம் எழுந்து நின்றான். சுவரைப் பிடிக்கவில்லை. எட்டு விரலையும் தரையில் ஊன்றி நின்றான்.

"என் வெரலு ரெண்டு அந்தக் குழில போச்சு மேஸ்திரி. தி. நகர்ல, ஜவுளிக்கட முன்னாடி, உனக்குத் தெரிஞ்ச எடம்தான். எறங்கி எடுத்துக்கினு வா. அப்பால பேசலாம்."

மேஸ்திரி லட்டுப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். ஜானகி அதையும் அவன் கையிலேயே இருக்க விட்டாள். தணிகாசலம், வா, ரோடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லி அவனுக்கு முன்னால் நடந்தான். கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தான். குடிசைகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். ரயில் தூண்களையெல்லாம் தாண்டி, மெயின் ரோட்டில் மேஸ்திரி தன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் அவன் இரண்டு காலில் அங்கே நின்றுகொண்டிருந்தான்.